அடுப்புப் பரணில் வைத்த குரல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள்; இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஆறில் யார் என்னுடையவர், யார் அவளுடையவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. அப்படி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிவதற்குள் பகல் சாய்ந்துவிடும். பரவாயில்லை, எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தது ஒரு சின்னச் சாமானைப் பற்றி. எஸ்.எஸ்.டி. என்று சொல்கிறார்கள். கொம்பியூட்டரில் இருப்பதை எல்லாம் எடுத்துப் பத்திரமாக வைக்கிற சாமான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கையில் வைத்தால் வைத்த மாதிரியே இருக்காது. அதற்குள்தான் என் வீட்டுக்காரருடைய குரல் இருந்தது.

அவர் உயிரோடுதான் இருக்கிறார். இதோ என் முன்னால் உட்கார்ந்து கராம்பு மொட்டுகளைக் காம்பிலிருந்து கிள்ளிக்கொண்டிருக்கிறார். குரல்தான் இல்லை.

மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் அவர் கொண்டக்டர். தலை நரைக்கும் வரைக்கும் அந்த ஒரே வேலை. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அவர் ஊர்ப் பெயர்களைக் கூவினால், மரக்கறிக் கடைக்குள் நிற்கிறவள் மிச்சக் காசைக் கூட வாங்காமல் ஓடிவருவாள். தமிழில் கூப்பிடுவார், சிங்களத்தில் விரட்டுவார். வீட்டிலும் அதே சத்தம். தேத்தண்ணி கேட்டால் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல இருக்கும்.

பிறகு குரல் கம்மியது. கத்திக் கத்தி அப்படி ஆகிவிட்டது என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். கண்டி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, குரல்பெட்டியையே எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைப்பார் என்றார்கள். அங்கே இருந்த ஒரு நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்: இப்போதே அவர் பேசுவதை எல்லாம் போனில் பிடித்து வையுங்கள், அம்மா. பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் கிடைக்காது.

எங்களோடு இருப்பது கடைசி மகன். டவுனில் ஒரு ஃபார்மசியில் வேலை. ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்னால் அவன் போனை மேசையில் வைத்து, "பேசுங்கப்பா" என்றான்.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

"எதையாச்சும்னா? டிக்கட் எங்கன்னு கேக்கவா?"

"அதையே கேளுங்க."

முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஏறிவிட்டார். மாத்தளையில் தொடங்கி இரத்தோட்டை வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவினார். நடுவில் நிற்காமல் உள்ளே போகச் சொல்லித் திட்டினார். மகனுடைய மகளுக்கு, அப்போது அவள் முதலாம் வகுப்பு, ஒரு நரிக்கதை சொன்னார். கடைசியில், எல்லோரும் எழுந்து போன பிறகு, போன் ஓடுவது தெரியாமல் நான் தேத்தண்ணியோடு உள்ளே போனேன். என்னிடம் ஏதோ சொன்னார். அதுவும் பதிவாகிவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான். மற்றதை எல்லாம் அந்த வழியில் பயணம் போன அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். அதை நான் ஒருத்திதான் கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வந்தார். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. பேச்சுக்குப் பதிலாகத் தட்டுவார். கொண்டக்டர் பழக்கம்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். வேண்டாம் என்றால் ஒன்று, சரி என்றால் இரண்டு. மகன் ஒருநாள் அந்தப் பதிவைப் போடப் போனபோது மேசையில் ஒரே தட்டுத் தட்டினார். அதன் பிறகு அவர் முன்னால் யாரும் போடவில்லை.

அந்தப் போன் கைமாறிப் போனது. குரல் எல்லாம் முன் அறையில் இருந்த பழைய கொம்பியூட்டரில் இருந்தது. அதற்குள் சுற்றுகிற தட்டு ஒன்று உண்டாம். தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போடத் தொடங்கியது.

"அம்மா, இது சாகப் போகுது. வேற ஒண்ணுல எடுத்து வைக்கணும்" என்றான் மகன்.

சாகப் போவதை அது சொல்லியாவது சாகிறதே என்று நான் நினைத்தேன்.

புதுசு வாங்க நானும் கூடப் போனேன். பெரிய தெருவுக்குள் ஒரு முஸ்லிம் மொதலாளியுடைய கடை. அவருடைய வாப்பா காலத்தில் அங்கே ரேடியோ திருத்துவார்கள். எஸ்.எஸ்.டி.யை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் குலுக்கிப் பார்த்தேன்.

"இது என்ன மொதலாளி, உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு?"

"ஓடுற சாமான் ஒண்ணும் உள்ள இல்லம்மா. அதான் இதுட விசேஷம். கீழ விழுந்தாலும் பயமில்ல."

"ஓடாட்டி, வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"லைட் பத்தும்."

"கெட்டுப் போகப் போகுதுன்னா?"

"இது லேசுல கெடாதும்மா."

"நான் கேட்டது அது இல்ல. கெடுறதுக்கு முந்தி சொல்லுமா?"

மொதலாளி மகனைப் பார்த்தார். மகன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான்.

"சொல்லாது" என்றார் மொதலாளி.

"அப்ப பழசு நல்லது. அது கத்துதே."

"அம்மா, கடையில வச்சு மானத்த வாங்காதீங்க" என்றான் மகன்.

தன் கராம்பில் துளி ஈரம் இல்லை என்று சொல்கிற வியாபாரியை நான் நம்பியதே இல்லை. நகத்தால் கிள்ளிப் பார்ப்பேன். எண்ணெய் கசிந்தால் எடுப்பேன், இல்லையென்றால் அடுத்த கடை. இந்தச் சாமானில் எங்கே கிள்ளுவது? அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கினோம்.

வீட்டில் மகன் வயரைக் குத்தினான். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டது. முடிந்ததும், "எல்லாம் வந்திருச்சு" என்றான்.

"போட்டுக் காட்டு."

பஸ் நிறுத்தங்களில் கொஞ்சம் கேட்கவைத்தான். உள் அறையில் இருந்து ஒரு தட்டு விழுந்தது. உடனே நிறுத்தினான்.

"மத்தது?"

"ஒண்ணு வந்தா எல்லாம் வந்த மாதிரித்தாம்மா."

ஒரு பிள்ளை சாப்பிட்டால் ஆறு பிள்ளையும் சாப்பிட்ட மாதிரி என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவன், இனி எதற்கு என்று பழையதில் இருந்ததை அழித்துவிட்டான். பிறகு அந்தக் கொம்பியூட்டரையே கழித்து வேறொன்று எடுத்தான்.

"இப்ப எத்தனை இடத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுல இருக்கு."

"நான் எத்தனைன்னு கேட்டேன்."

"ஒண்ணு போதும்மா. புதுசுதானே."

அடுத்தது, அதை எங்கே வைப்பது. எங்கள் பக்கத்தில் பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அலுமாரியில் வைத்த சேலையில் புள்ளி விழும். எங்கள் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகத்திலேயே பூஞ்சணம் ஏறிப்போய், இப்போது நான் யாரோ ஒரு மேகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதனால் இங்கே, ஈரம் தின்னக்கூடிய எதையும் விறகடுப்புக்கு மேலே பரணில் வைப்போம். மிளகு, சாதிக்காய், அதன் மேல் சிவப்பாகச் சுற்றியிருக்கிற வசுவாசி, விதைக்கு எடுத்த போஞ்சி, எல்லாம் அங்கேதான். காஸ் அடுப்பு வந்த பிறகும் சோறும் வெந்நீரும் விறகில்தான் எங்கள் வீட்டில். பரண் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். என் மிளகில் ஒரு நாளும் பூஞ்சணம் பூத்ததில்லை; டவுனில் யாரையும் கேட்கலாம்.

பால்மா டின் ஒன்றில் துணி சுற்றி எஸ்.எஸ்.டி.யை வைத்து, மூடியை இறுக்கி, பரணில் ஏற்றினேன். மகன் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "மாத்திரை மாதிரித்தான், ஈரம் ஆகாது" என்று அவனே சொன்னான்.

அதன் பிறகு இரண்டு போகம் மிளகு பறித்தோம். டின்னை யாரும் இறக்கவில்லை.

ஒருநாள் பழைய டிரைவர் வந்தார். இவருடைய பஸ்ஸை ஓட்டியவர். இப்போது இரத்தோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். வந்து உட்கார்ந்ததில் இருந்து வாய் ஓயவில்லை.

"மதினி, இவன் சும்மா உக்காந்திருக்கிறதப் பாத்தா எனக்கு நம்ப முடியல. எங்காது செவிடாப் போனது இவனாலதான். செவிடாக்கிட்டு இவன் வாய மூடிக்கிட்டான், பாருங்க."

இவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னடா, எறங்கச் சொல்றியா? இது என் பஸ்ஸுடா. நான்தான் நிப்பாட்டணும்."

இவர் சிரித்தார். சத்தம் வராது, கழுத்துத் துணி மட்டும் ஆடும். குரலைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று மகன் சொன்னதும் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட! போடுங்க தம்பி. ஒருக்கா கேட்டுட்டுப் போறேன்."

எல்லோரும் இவரைப் பார்த்தோம். கழுத்துத் துணியைச் சரிசெய்தார். பிறகு, தட்டினார். இரண்டு.

அந்தப் பதிவைப் போட அவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்கு ஓடி டின்னை இறக்கினேன். கையில் சுடச்சுட இருந்தது. மகன் கரியைத் துடைத்து வயரைக் குத்தினான். லைட் பற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிக் குத்தினான். ஒரு பெயர் வந்தது, போனது. மூன்றாம் தரம் ஏதோ ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"இதுல ஒண்ணும் வாசிக்க முடியலயாம். துடைச்சுப் புதுசா ஆக்கவான்னு கேக்குது."

அவன் விரல் பக்கத்திலேயே இருந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "கை வைக்காத. வயரக் கழட்டு."

டிரைவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "போகட்டும் மதினி, எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கூவினார்: "ரத்தோட்டை, ரத்தோட்டை! உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல கலியாணமே நடத்தலாம், அம்புட்டு எடம் கெடக்கு!"

அச்சு அசல் அதே மாதிரி. இவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. வேறொரு ஆளுடைய வாயில் அந்தக் குரலைக் கேட்க நான் கேட்டேனா? டிரைவருக்கு பஸ் ஞாபகம் இருக்கும். தேத்தண்ணி கொண்டுபோனபோது சொன்னது அவருக்கு எங்கே தெரியும்?

மறுநாள் காலையிலேயே மகனும் நானும் கடைக்குப் போனோம். மொதலாளி எஸ்.எஸ்.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து கூடப் பார்த்தார்.

"எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"அடுப்புப் பரண்ல."

"யா அல்லாஹ்! அடுப்புக்கு மேலயா?"

"ஈரம் படாம."

"இதுக்கு ஈரத்த விடச் சூடுதாம்மா எதிரி. இதுல எழுதுறது எல்லாம் உள்ள சின்னச் சின்னக் கரண்டா நிக்கிது. கரண்ட் குடுக்காம சும்மா வச்சா மெல்ல மெல்லக் கசியும். சூட்டுல வச்சா இன்னும் வெரசாக் கசியும்."

"விக்கிறப்ப இதச் சொன்னீங்களா?"

"நீங்க கேக்கல்லியேம்மா."

"கெடுமான்னு கேட்டேன். லேசுல கெடாதுன்னீங்க."

அவர் எஸ்.எஸ்.டி.யை மேசையில் வைத்தார். "பாவிச்சுக்கிட்டே இருந்தா கெடாது. பூட்டி வைக்கத்தான் இது சரியில்ல" என்றார்.

இதைத்தான் நான் சொல்கிறேன். ஈரம் ஆகாது என்பது சாமானைப் பார்த்தாலே தெரியும். சூடு ஆகாது, பூட்டி வைக்கக் கூடாது, அடிக்கடி கரண்ட் காட்ட வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. இதில் என் பரணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் தன்னுடைய கொம்பியூட்டரில் குத்தி, பக்கத்தில் சின்னக் காற்றாடியைத் திருப்பி வைத்தார். "நேரம் எடுக்கும். இதுல புதுசா ஒண்ணும் எழுதாம, வாசிக்க மட்டும் விடுவோம். கெடைக்கிறது கெடைக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, தம்பிக்கு நான் கோல் எடுக்கிறேன்."

மகன் வேலைக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. எல்லாச் சாமானும் ஒரே மாதிரிக் கறுப்பு. இதற்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுத்து இதுதான் என்றால் நான் என்ன கண்டேன்? அதன் ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். ஆனாலும் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, லைட் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். மினுங்கும், நிற்கும், மறுபடி மினுங்கும். நின்ற ஒவ்வொரு தடவையும் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தேன்.

பகல் சாய்ந்ததும் மொதலாளி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அஸர் தொழுதுட்டு வாறேம்மா. யாரும் வந்தா இருக்கச் சொல்லுங்க" என்று என்னைக் கடையில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். காசு போடுகிற மேசை லாச்சி பாதி திறந்து கிடந்தது. அவர் வரும் வரைக்கும் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் வந்த பிறகு, ஒன்றொன்றாகப் போட்டார். பஸ் நிறுத்தங்கள் வந்தன. திட்டு வந்தது. கடைக்கு வந்த ஒரு பெண் நின்று சிரித்தாள். நரிக்கதை வந்தது, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தது. அடுத்தது தேத்தண்ணி. கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. என் காலடி கேட்டது. அவர் குரல் கேட்டது:

"இந்தா, வச்சிட்டுப் போ. இல்ல, நில்லு. போகாத. இம்புட்டு வருசமா நான் ஊருக்கெல்லாம் பேர் பேராக் கூவியிருக்கேன். ஒன்ன மட்டும்..."

அங்கே கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மொதலாளி மறுபடி போட்டார். அதே இடத்தில் நின்றது. வேறு ஏதோ செய்து போட்டார். அதே இடம். "இது இவ்வளவுதாம்மா. மிச்சம் கசிஞ்சு போச்சு" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

ஆனால் அடுத்த மூச்சிலேயே வியாபாரம் பேசினார். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வெளியில் வைக்க வேண்டுமாம். இன்டர்நெட்டில் ஒரு இடத்தில் இன்னொரு கொப்பி வேண்டுமாம். இந்த எஸ்.எஸ்.டி.யும் வேண்டுமாம், ஆனால் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டுமாம். முதலில் ஒன்றை விற்றார்; அது கைவிட்டதும் மூன்று சொல்கிறார். வேலை முடிந்து வந்து சேர்ந்திருந்த மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நான் ஒன்றையும் நம்பவில்லை. நம்பாததால்தான் மூன்றும் இருக்கட்டும் என்றேன்.

இப்போது ஒவ்வொரு போயா நாளும், பௌர்ணமி லீவுக்கு எல்லோரும் வீட்டில் இருப்பதால், மூன்றையும் திறக்க வைக்கிறேன். ஒன்று வந்தால் எல்லாம் வந்த மாதிரி என்கிற கதை இனி நடக்காது. நிறுத்தம் நிறுத்தமாக, நரியின் வால் வரைக்கும், கடைசிக் கீச்சு வரைக்கும் கேட்போம். மகன் அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொள்ளட்டும். இவர் ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு தட்டுத் தட்டுவதில்லை.

மிச்சம் என் தலையில் இருக்கிறது. கீச்சுக்குப் பிறகு அவர் சொன்னது இது: "ஒன்ன மட்டும் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நாளைக்குப் பொறகு கூப்பிட முடியாது. அதனால இப்பக் கூப்பிடுறேன்." கூப்பிட்டார். ஒரு தடவை, மெதுவாக. பஸ்ஸுக்கு இல்லாத குரலில்.

இப்படித்தான் சொன்னீர்களா என்று போன போயாவில் அவரிடம் கேட்டேன். ஒரு தட்டுத் தட்டினார். இல்லையென்றால் என்ன சொன்னார்? மறந்துவிட்டாரா? மகனும் மருமகளும் இருந்ததால் வெட்கமா? என்னைச் சீண்டுகிறாரா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. டிக்கட் எடுக்காதவனிடம் கூட அந்த முகத்தைத்தான் காட்டுவார். அல்லது நான்தான் ஆசைப்பட்டு எதையாவது சேர்த்துவிட்டேனா? ஐம்பது வருசத்துக்கு மேல் என் தலையும் அந்த அடுப்புக்கு மேல்தானே குனிந்து கிடந்திருக்கிறது. அதில் என்ன கசிந்தது, என்ன மிச்சம் என்று நான் எந்த வயரைக் குத்திப் பார்ப்பது?

அதனால்தான் எழுதினேன். இன்றைக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறபடி, நாளைக்கு வேறு மாதிரி ஆவதற்கு முன்னால். கராம்பு முடியப் போகிறது, அவர் எழுந்து போவதற்குள் இதை அவர் காதில் போட வேண்டும். அவர் எந்த இடத்தில் தட்டுகிறார் என்று நான் பார்க்க வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டேன், வந்துவிட்டாள்.

"என்ன அப்பாயி, எழுதி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன். தாத்தா பக்கத்துல உக்காரு கண்ணு. மொதல்ல இருந்து சத்தமா வாசி. எங்கயாச்சும் எழுத்து விட்டுப்போயிருந்தா, நீயா எதையும் சேத்து வாசிச்சிராத. அந்த எடத்துல நின்னு சொல்லு."